உழைப்பவர் கதை உழைப்பவர் கைக்கு எட்டாமற் போவதோ?

திருப்பூர் உலகுக்கு ஆடை தரும் ஊர். ஆண்டொன்றுக்கு 30,000 கோடி உருபாவுக்கும் மேற்பட்ட பின்னலாடைகள் அங்கிருந்து கடல் கடந்து செல்கின்றன. அமெரிக்கர் அணியும் உள்ளாடையிலும், ஐரோப்பியக் குழந்தை அணியும் சட்டையிலும் கொங்கு மண்ணில் உழைக்கும் கைகளின் வியர்வை படிந்திருக்கின்றது. இவ்வாறு ஊருலகின் உடலை மூடும் தொழிலாளர்தம் வாழ்வையும், பேச்சையும், ஆற்றையும், பசியையும் தமிழிலேயே எழுதிக் காட்டிய புதினங்கள் உள்ளன. ஒன்றல்ல, பல உள்ளன. ஆனால், அவை யார் கையில் உள்ளன? எழுதினவர் வீட்டுப் பேழையில் உள்ளன. நூலகத் தட்டில் உள்ளன. திறனாய்வாளர் மேசைமேல் உள்ளன. ஒன்றரை 'சிப்ட்டு' உழைத்து, இரவு உணவுக்கு வீடு திரும்பும் தையற்காரர் கையில் இல்லை. கைமடி வேலைக்குச் செல்லும் பெண்ணின் பையில் இல்லை. தன் கதை எழுதப்பட்டிருக்கின்றது என்பதையே அறியாமல் ஒரு மக்கள் கூட்டம் உழைத்துக் களைத்து உறங்குகின்றது. ஒரு மொழியினத்துக்கு இதனினும் பெரிய இழப்பு வேறென்ன வேண்டும்?

"உமக்குப் பிடித்த புதினம் எது? பிடித்த எழுத்தாளர் யார்?" என்று படிப்பாளர் இருவர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது எளிய உரையாடலாகத் தோன்றும். பொழுதுபோக்குப் பேச்சு என்றும் சிலர் கருதுவர். அன்று! எந்த நூல் வாழும், எந்த நூல் சாகும் என்பதை முடிவு செய்வது அவ்வுரையாடலே. பரிசுக் குழுக்கள் ஒரு நூலுக்குப் பட்டயம் தரலாம், உயிர்தர இயலாது. ஒருவர் படித்து முடித்து, "இதனைப் படியுங்கள்" என்று இன்னொருவர் கையில் வைக்கும்போதுதான் நூல் உயிர் பெறுகின்றது. 1950களிலும் 60களிலும் மு. வரதராசனாரின் புதினங்கள் அவ்வாறே கைமாறிக் கைமாறித் தமிழகமெங்கும் சென்றன. திருமண மேடைகளில் அவை பரிசாக வழங்கப்பட்டன. எந்த ஆட்சியும் ஆணையிட்டு அதனைச் செய்யவில்லை. படித்தவர் படியாதவர்க்குச் சொன்னார், அவ்வளவே!

இன்று அவ்வினாவுக்கு வரும் விடை யாது? பெரும்பாலும் 'பொன்னியின் செல்வன்' என்பர். 1950 முதல் 1954 வரை கிழமைதோறும் வெளிவந்து, மக்கள் காத்திருந்து படித்த கதை அது; 2022-லும் 2023-லும் திரைப்படமாக வந்தபின் மீண்டும் எல்லார் வாயிலும் புகுந்தது. அதில் குற்றமில்லை. இன்னுஞ் சிலர் கடல்கடந்த நாட்டு எழுத்தாளர் ஒருவர் பெயரை, நாக்கு நோகச் சொல்லி மகிழ்வர். அதிலும் குற்றமில்லை; உலக இலக்கியம் தமிழர்க்கும் உரியதே. ஆனால், சோழன் அரண்மனையின் சூழ்ச்சிகளை அடுக்கடுக்காய்ச் சொல்லத் தெரிந்த திருப்பூர்த் தமிழர்க்கு நொய்யற் கரையின் கதை தெரியவில்லை என்றால், அயல்நாட்டு ஊர்ப்பெயரை மனப்பாடமாய் ஒப்பிக்கத் தெரிந்தவர்க்குத் தாராபுரத்துக்குப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த எழுத்தாளர் பெயர் தெரியவில்லை என்றால், அது குற்றமே!

மண்ணில் விளைந்த நூல்கள்

அச் சிற்றூர் கீரனூர். அங்கே 1917-இல் பிறந்தவர் ஆர். சண்முகசுந்தரம். அவருடைய 'நாகம்மாள்' 1942-இல் வெளிவந்தது. கணவனை இழந்த ஓர் உழவர் குடிப் பெண், தன் பங்கு நிலத்தைப் பிரித்துத் தருமாறு கொழுந்தனிடம் கேட்கின்றாள். கேட்டது அவ்வளவே. அவ்வொரு கேள்வியால் ஒரு குடும்பமும் ஓர் ஊரும் எவ்வாறு குலைந்து, கொலையில் முடிகின்றன என்பதே கதை. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென மேடைகளில் முழங்குவோர் பலர். ஆயினும், எண்பது ஆண்டுகட்கு முன்பே, அவ்வுரிமையைக் கேட்ட வாயின் ஓசையைக் கொங்குத் தமிழிலேயே பதிவு செய்த நூலை அவருள் எத்துணைப் பேர் படித்திருப்பர்? சண்முகசுந்தரம் வங்கப் புதினங்கள் பலவற்றையும் தமிழாக்கினார். அவர் கைவழியே சரத்சந்திரரைப் படித்து உருகிய தமிழர், அவருடைய சொந்தப் புதினங்களான 'அறுவடை', 'சட்டி சுட்டது', 'தனிவழி' ஆகியவற்றை அந்த அளவுக்குத் தேடிச் செல்லவில்லை. அயலான் வீட்டு விளக்கைத் துடைத்துக் கொடுத்தவன் வீட்டில் இருள்! இதுதான் தமிழர் தம் எழுத்தாளர்க்குக் காட்டிய நன்றி. அவர் 1977-இல் மறைந்தார்.

சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' 1998-இல் வந்தது. வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, பேரூர் வழியே பாய்ந்து, காவிரியிற் சேரும் நொய்யல், காஞ்சி என்னும் பழம்பெயர் பெற்ற ஆறு. அவ்வாறு திருப்பூரில் சாயக்கழிவு ஓடும் வடிகாலானதையும், அதன் கரையில் வாழும் எளியோர் நீரின்றி, நலமின்றித் தவித்ததையும் அப் புதினம் காட்டியது. 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு நீர் தேக்குவதற்கு மாறாகச் சாயநீர் தேக்கும் குட்டையாயிற்று. உழவர் வழக்காடினர். 2011 சனவரித் திங்களில் சென்னை உயர்முறைமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. அவ்வாணைக்குப் பதின்மூன்று ஆண்டுகட்கு முன்பே அவ்வழக்கைப் புதினம் தொடுத்துவிட்டது! படித்திருக்க வேண்டியவர் அன்றே படித்து, அன்றே ஒருவர்க்கொருவர் சொல்லியிருப்பின், ஆறு அத்துணை ஆண்டுகள் காத்திருந்திருக்க வேண்டியதில்லை என்று சொல்வது மிகையாகுமோ?

எம். கோபாலகிருட்டிணனின் 'மணல் கடிகை' 2004-இல் வந்தது. பின்னலாடைத் தொழில் வளர்ந்த விரைவில் இளைஞர் சிலர் ஏறியதையும் இறங்கியதையும், பணம் வந்தபோது உள்ளம் போனதையும் அது விரித்துரைக்கின்றது. வெள்ளகோவில் வட்டாரத்துத் தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' 2020-இல் வந்தது. 2023-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்றது. அந் நூலின் பெயரே கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டிலிருந்து எடுத்தது. ஊர்க்கெல்லாம் முடிதிருத்தியும், சாவுக்கும் வாழ்வுக்கும் சடங்கு செய்தும், உண்ணக் கையேந்தி நின்ற ஒரு குடியின் கதை அது. இரண்டாயிரம் ஆண்டுப் பழம்பாட்டின் சொல்லைத் தன் தலையில் தாங்கி, ஒடுக்கப்பட்ட குடியின் வாழ்வைத் தன் வயிற்றில் தாங்கி வந்த நூலைத் தமிழர் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டாவா?

தனித்தமிழ் அன்பர் செய்யும் பிழை

புறத்தாரைக் குறை கூறியது போதும். தனித்தமிழ் அன்பர் பலரிடமும் இது தொடர்பாக ஒரு பிழை உண்டு. புதினமா, அது வெறுங்கதை. பாட்டும் உரையும் இலக்கணமுமே தமிழ் என்று அவர் ஒதுக்கிவிடுகின்றனர். வட்டார வழக்கில் எழுதிய நூலென்றால் கொச்சை என்று மூக்கைச் சுளிக்கின்றனர். இவ்விரண்டும் தமிழுக்குக் கேடு சூழ்பவை.

புதினம் இழிந்ததென்றால், தனித்தமிழ் இயக்கத்தை 1916-இல் தொடங்கிய மறைமலையடிகள் ஏன் புதினம் எழுதினார்? 1911-இல் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி'யையும், 1921-இல் 'கோகிலாம்பாள் கடிதங்க'ளையும் அவர் வெளியிட்டார். முன்னது ஆங்கிலக் கதையின் தழுவல்; பின்னது மடல்களாலேயே அமைந்த கதை. பாட்டும் உரையும் சென்றடையாத வீட்டுக்குள்ளும் கதை சென்றடையும் என்பதை அடிகள் அறிந்திருந்தார். அவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களும் அவரோடு மறைந்துவிடவில்லை. 1958-இல் அவர் பெயராலேயே சென்னையில் பொது நூல்நிலையமாயின. எழுதினார், படித்தார், படித்தவை பிறர்க்கும் பயன்பட்டன. அவ்வழி வந்தோர் கதைநூலைத் தீண்டாமை பாராட்டுவது எவ்வழி?

வட்டாரச்சொல் கொச்சையென்றால், தொல்காப்பியர் ஏன் இயற்சொல், திரிசொல்லோடு திசைச்சொல்லுக்கும் இடந்தந்தார்? செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலத்தார் வழங்கும் சொற்களும் செய்யுளுக்கு ஆகும் என்றாரே! கொங்குச் சிற்றூரில் விருந்தினராய் வரும் உறவினர் 'ஒறம்பரை', திருவிழா 'நோம்பி', தோட்டத்துக்குள் அமைந்த வீடு 'சாளை', இரு வேலிகட்கிடையே செல்லும் வண்டித்தடம் 'இட்டேரி'. உறவும் நோன்பும் அச் சொற்களுள் ஒளிந்திருப்பதை யார்தாம் காணமாட்டார்? நகரத்து நாளிதழ் 'கெஸ்ட்' என்றும் 'பெஸ்டிவல்' என்றும் எழுதும்போது, எழுதப்படிக்கத் தெரியாத கொங்குக் கிழவி தமிழே பேசுகின்றாள். அவள் பேச்சைத் தாளில் இறக்கியவர் புதின ஆசிரியர். பெருமாள்முருகன் 2000-இல் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யை வெளியிட்டார். அவர் புதின ஆசிரியராயும் இருப்பது தற்செயலன்று. யார் கொச்சையர்? யார் காவலர்?

"இப் புதினங்களில் ஆங்கிலச்சொல் மலிந்துள்ளதே! கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயனிங் என்று பக்கத்துக்குப் பக்கம் வருகின்றதே! இதனையா தனித்தமிழர் படிப்பது?" என்று ஒருவர் வினவலாம். வினா நயன்மையானதே. விடையும் உண்டு. கதைமாந்தர் வாயில் வரும் சொல் தொழிற்கூடத்தில் வழங்கும் சொல். அதனை மாற்றவேண்டிய இடம் தொழிற்கூடமே, புதினமன்று. முகத்தில் கறையிருக்கக் கண்ணாடியைக் கழுவுவதால் பயனென்ன? ஆனால், ஆசிரியர் தம் கூற்றாக எழுதும் இடத்தில் இவ்விலக்கு இல்லை. அங்கே பேசுபவர் தொழிலாளியல்லர், எழுத்தாளர். தமிழ்ச்சொல் இருக்க அயற்சொல்லை அங்கே பெய்வது சோம்பல். அச் சோம்பலைச் சுட்டிக்காட்டும் உரிமையும் கடமையும் படிப்பாளர்க்கு உண்டு. படித்தவர்க்கே அவ்வுரிமை உண்டு. படியாமல் ஒதுக்குவோர்க்கு இல்லை.

மேலும், அத் தொழிற்கூடம் அயற்சொல்லை மட்டும் வழங்கவில்லை. தைப்பவர்க்குத் துணையாய் நின்று துணியை மடித்தும் எடுத்தும் கொடுப்பவர்க்குக் 'கைமடி' என்று பெயரிட்டது யார்? எந்தப் புலவர் குழுவும் அன்று. அகரமுதலித் துறையும் அன்று. தைத்த ஆடையில் தொங்கும் நூலைப் 'பிசிர்' என்றது யார்? உழைக்கும் மக்களே! ஓவர்லாக் என்ற சொல் பொறியோடு வந்தது; கைமடி என்ற சொல் கையோடு பிறந்தது. இத்தகைய சொற்கள் எந்த அகரமுதலியில் ஏறும் என்று காத்திருப்பது? அவை முதலில் ஏறக்கூடிய ஏடு புதினமே. அப் புதினமும் படிக்கப்படாமற் போனால், பொறி மாறும் நாளில் சொல்லும் சாகும். சொல் செத்தபின் தொழிலாளர் தம் வாழ்வைத் தாமே சொல்லிக்கொள்ள அயலான் சொல்லைக் கடன் வாங்கி நிற்பர். தன்னைச் சொல்லத் தன் மொழியில் சொல்லில்லாதவன் தன் கூலிக்காக வாதாடுவதும் கடன்வாங்கிய வாயால்தானே!

'நாவல்' என்பதைப் 'புதினம்' என்று சொல்வதும் இதனோடு சேர்ந்ததே. ஆங்கிலச் சொல்லுக்கும் புதுமை என்பதே வேர்ப்பொருள். அதனை நவீனம் என்று வடமொழியாக்கிப் பார்த்தனர் சிலர், நிற்கவில்லை. புதினம் நின்றது. ஈழத் தமிழரோ செய்தியையே புதினம் என்பர், இருவர் எதிர்ப்பட்டால் "என்ன புதினம்?" என்று நலம் கேட்பர். செய்தியும் கதையும் ஒரே சொல்லில் அடங்கிய அழகை எண்ணிப் பார்க்க!

உரக்கப் படித்த கூடங்கள்

"பன்னிரண்டு மணிநேரம் உழைப்பவர்க்குப் புதினம் படிக்க நேரமேது?" என்பர். உலக உழைப்பாளர் வரலாறு இதற்கு விடை சொல்லியிருக்கின்றது.

கியூபா நாட்டின் ஆவானா நகரில், சுருட்டுச் சுற்றும் கூடங்களில், 1865-இல் ஒரு வழக்கம் தோன்றியது. உயர்ந்த இருக்கையில் ஒருவர் அமர்ந்து நாளிதழையும் புதினத்தையும் உரக்கப் படிப்பார். நூற்றுக்கணக்கானோர் கை சுருட்டைச் சுற்றும். காது கதையைக் கேட்கும். படிப்பவர்க்குக் கூலியை முதலாளி தரவில்லை. தொழிலாளரே தம் கூலியிலிருந்து ஒதுக்கித் தந்தனர். எப் புதினத்தைப் படிப்பதென்று வாக்களித்து முடிவு செய்தனர். விக்தர் யூகோவும் அலெக்சாந்தர் துமாவும் அவர்க்கு உற்றவராயினர். துமாவின் கதைமாந்தன் பெயரே புகழ்பெற்ற சுருட்டு ஒன்றுக்குப் பெயராயிற்று. அடுத்த ஆண்டே, 1866-இல், ஆட்சியாளர் இவ்வழக்கத்தைத் தடைசெய்தனர். ஏன்? கதை கேட்கும் தொழிலாளி கணக்கும் கேட்பான் என்ற அச்சமே! தடை நிற்கவில்லை, வழக்கம் நின்றது.

கியூபா தொலைவு என்பார்க்குக் கண்ணூர் அண்மையில் உள்ளது. அங்கே பீடி சுற்றும் கூடங்களில் ஒருவர் படிப்பார். அவர் சுற்றவேண்டிய பங்கை மற்றவர் சுற்றித் தருவர். எழுத்தறியாத உழைப்பாளரும் நாட்டுநடப்பையும் இலக்கியத்தையும் அவ்வாறே கற்றனர்.

தமிழகத்திலும் இதற்கு விதையில்லாமலில்லை. கைத்தறி நெசவாளர் பசியைத் தொ. மு. சி. இரகுநாதன் 1953-இல் 'பஞ்சும் பசியும்' என்ற புதினமாக்கினார். மாக்சிம் கார்க்கியின் 'தாயை'யும் அவரே தமிழுக்குக் கொணர்ந்தார். பருத்தியும் தறியும் பாட்டாளியும் தமிழ்ப் புதினத்துக்குப் புதியவையல்ல.

திருப்பூரில் தையற்பொறியின் இரைச்சலில் உரக்கப் படிப்பது இயலாதுதான். ஆனால், பிசிர் வெட்டும் மேசையும், மடித்து அடுக்கும் மேசையும் இரைச்சலற்றவை. அங்கே நாள்முழுதும் திரைப்பாட்டு ஒலிக்கும்போது, ஒரு மணிநேரம் புதினம் ஒலித்தால் ஆடை நைந்துவிடுமோ? 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்து, ஒரு பிடி அரிசியையும் பகிர்ந்துண்டு நின்ற தொழிலாளர் ஊர் அது. பசியைப் பகிரத் தெரிந்தவர்க்கு நூலைப் பகிரத் தெரியாதா?

பகிர்தல் என்பது யாது?

அட்டைப்படத்தைக் கைப்பேசியில் அனுப்புவது பகிர்தலன்று. பின்னட்டைப் புகழுரையை ஒப்பிப்பதும் பகிர்தலன்று. நூலின் பக்கங்கள் சிலவற்றைப் பிய்த்தெடுத்துப் பரப்புவது பகைமை. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வெளிவந்தது. நான்காண்டு எவரும் குறை கூறவில்லை. 2014 இறுதியில் அதன் சில பக்கங்கள் மட்டும் படியெடுக்கப்பட்டு மக்களிடையே பரவின. முழுநூலைப் படியாதார் வெகுண்டெழுந்தனர். 2015 சனவரியில் அவ்வெழுத்தாளர் தம்முள்ளிருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவிக்க நேர்ந்தது. 2016 சூலையில் சென்னை உயர்முறைமன்றம் எழுத்துரிமையைக் காத்துத் தீர்ப்பளித்தது. அந் நூலின் கருத்தை ஏற்போர் ஏற்க, மறுப்போர் மறுக்க. ஆனால், மறுப்போரும் முதல் எழுத்திலிருந்து இறுதி எழுத்து வரை படித்தே மறுக்க வேண்டும். அரைநூல் படித்தவன் வாய் முழுநூல் எழுதியவன் கையை ஒடித்த வரலாறு கொங்கு மண்ணில் மீண்டும் நிகழலாகாது.

ஆகவே, படித்து முடித்த பொத்தகத்தையே கையளிப்பதுதான் பகிர்தல். எச் சொல் உள்ளத்தில் தைத்தது, எவ்விடத்தில் ஆசிரியர் வழுவினார் என்பதைத் தமிழிலேயே எடுத்துரைத்துக் கையளிப்பதே பகிர்தல்.

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டா. விடுதலைக்குப்பின் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொதுநூலகச் சட்டம் கண்டது 1948-இன் சென்னை மாநிலம். அன்றுமுதல் வீட்டுவரியோடு நூலகவரியும் மக்களிடம் பெறப்படுகின்றது. வாடகை வீட்டில் வாழும் தொழிலாளரும் வாடகையின் வழியே அவ்வரியைச் சுமக்கின்றார். நூலகம் அவருடையது, அதன் தட்டில் தூசு படிந்திருக்கும் 'நாகம்மாள்' அவருடையவள். தொழிற்சங்க அலுவலகத்தில் கொடிக்கம்பம் உண்டு, உண்டியல் உண்டு, பத்துப் புதினம் அடுக்க ஒரு பலகை இல்லையா? பெண் தொழிலாளர் தங்கும் விடுதியில் தொலைக்காட்சிக்கு இடமுண்டு. பொத்தகப் பேழைக்கு இடமில்லையா? திருப்பூரில் ஆண்டுதோறும் பொத்தகத் திருவிழா நடக்கின்றது. அங்கே சமையற்குறிப்பும் தேர்வுநூலும் வாங்கித் திரும்பும் குடும்பம், திருப்பூரின் கதை ஒன்றையும் வாங்கித் திரும்பினால் அவ்விழா பொருளுடையதாகும்.

தனித்தமிழ் அன்பர்க்கு இதில் தனிக்கடமை உண்டு. அவர் மாதத்துக்கு ஒருமுறையேனும் தம் ஊர்ப் படிப்பகத்தில் உழைப்பாளரோடு அமர்ந்து ஒரு புதினத்தை உரக்கப் படிப்பாராக. அதில் வரும் தமிழ்ச்சொல்லைத் திரட்டுவாராக. வந்தேறிய சொல்லுக்கு ஈடாக உழைப்பாளர் வாயிலேயே வழங்கும் சொல் உண்டாவென்று கேட்டறிவாராக. சொல்லைப் புலவர் ஆக்கித் தொழிலாளர் மேல் சுமத்துவதினும், தொழிலாளர் ஆக்கியதைப் புலவர் பொறுக்கிக் காப்பது நிலைக்கும். கைமடியே அதற்குச் சான்று.

மொழி மேடையில் வாழ்வதில்லை, வாயில் வாழ்கின்றது. வாயிலிருந்து நூலுக்கும், நூலிலிருந்து மீண்டும் வாய்க்கும் அது போய்வரும் வழியே புதினம். அவ்வழி திருப்பூரில் முள்மண்டிய இட்டேரியாய்க் கிடக்கின்றது. நடந்தால்தான் தடம் திறக்கும். இனித் திருப்பூர்த் தொழிற்கூடத்தின் தேநீர் இடைவேளையில் ஒருவர் மற்றவரை எதிர்ப்படும்போது, ஈழத் தமிழர் கேட்பதைப் போலவே கேட்பாராக: "என்ன புதினம்?" விடையாக ஒரு பொத்தகம் நீட்டப்படுவதாக!